கமிஷனர் இருக்கும்போது மேயர் எதற்கு?

கேள்வி இதுதான்: "எங்கள் ஊர் நகராட்சியாக இருந்து மாநகராட்சியாக உயர்ந்துவிட்டது. சேர்மன் போய் மேயர் வந்துவிட்டார். ஆனால் ரோடு, தண்ணீர், குப்பை, எதைக் கேட்டாலும் 'கமிஷனரைப் பாருங்க' என்கிறார்கள். அப்படியானால் மேயர் எதற்கு? ஒருவரை நல்ல மேயர் என்று எதை வைத்துச் சொல்வது?"

இதில் பாதி எரிச்சல், பாதி நியாயம். நியாயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தமிழ்நாட்டில் மேயர் மாமன்றத்துக்குத் தலைவர். அலுவலகத்துக்குத் தலைவர் அல்ல. அலுவலகம் கமிஷனருடையது. அவரை நியமிப்பதும் மாநில அரசு, மாற்றுவதும் மாநில அரசு. மேயருக்கு அங்கி உண்டு, சங்கிலி உண்டு, செங்கோல் உண்டு, கார் உண்டு. கோப்புகள்தான் அந்த அறைப் பக்கம் அதிகம் போவதில்லை.

ஒரு தெருவுக்குத் தார் போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். வார்டு ஏ.இ. (உதவிப் பொறியாளர்) எஸ்டிமேட் போடுவார். அது ஒவ்வொரு மேஜையாக மேலே ஏறும். டெண்டர் விடுவது நிர்வாகம். ஒர்க் ஆர்டர் கொடுப்பது நிர்வாகம். வேலை முடிந்ததும் எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், அளவு எழுதுவது பொறியாளர். பில்லைப் பாஸ் செய்வது மறுபடி நிர்வாகம். இவ்வளவு நீளமான பாதையில் மேயர் எதிர்ப்படுவது ஒரே இடத்தில்: அஜெண்டாவில் வந்த பொருளை மன்றத்தில் வைத்துத் தீர்மானமாக நிறைவேற்றும் இடத்தில். அதையும் பல ஊர்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று நானே பத்திரிகை மேஜையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஐம்பது அறுபது பொருள்கள், முக்கால் மணி நேரம், "ஆல் பாஸ்", தேசிய கீதம், டீ.

அப்படியானால் அலங்கார நாற்காலிதானே என்கிறீர்கள். அங்கேதான் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஊரின் தலையெழுத்தை மாற்றியவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் கையில் என்ன இருந்தது, இப்போது என்ன இல்லை என்று பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

1939-ல் சென்னைக்கு மேயரானார் தீரர் சத்தியமூர்த்தி. அப்போது மேயர் பதவி ஒரே ஒரு வருடம். இன்றைய ஆட்கள் பொன்னாடை வாங்கி முடிப்பதற்கே அவ்வளவு நாள் போதாது. சென்னையோ புழலையும் சோழவரத்தையும் நம்பி இருந்த ஊர்; மழை பொய்த்தால் குழாயில் காற்றுதான். கொசஸ்தலை ஆற்றை திருவள்ளூர் பக்கம் பூண்டியில் மறித்து நீர்த்தேக்கம் கட்டுவது என்பதைச் சத்தியமூர்த்தி பிடித்துக்கொண்டார். காலம் எவ்வளவு மோசம் என்று பாருங்கள். 1939 செப்டம்பரில் உலகப் போர் தொடங்கிவிட்டது. அக்டோபரில் ராஜாஜியின் அமைச்சரவை ராஜினாமா செய்துவிட்டது. மாகாணம் நேரடியாகக் கவர்னர் கையில். மேயரோ பேச்சாலேயே வெள்ளைக்காரனை வாட்டி எடுத்த காங்கிரஸ்காரர். போர்ச் செலவில் இருக்கும் அரசிடம் போய், நீ இந்த நாட்டை விட்டுப் போ என்று மேடையில் சொல்லிக்கொண்டே, என் ஊருக்கு அணை கட்ட அனுமதி கொடு என்று கேட்க வேண்டிய நிலைமை.

கேட்டார், வாங்கினார். 1940 ஆகஸ்ட் 8-ஆம் தேதி கவர்னர் ஆர்தர் ஹோப் அடிக்கல் நாட்டினார். 1944 ஜூனில் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவரும் அதே ஹோப்தான். சத்தியமூர்த்தி அங்கே இல்லை. 1942 போராட்டத்தில் கைதாகி, அமராவதி சிறையில் உடல்நிலை கெட்டு, 1943 மார்ச் 28-ல் சென்னை பொது மருத்துவமனையில் இறந்துபோயிருந்தார். ஏரிக்குப் பின்னாளில் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் வைத்தார்கள். 1996-ல் கிருஷ்ணா நீர் கண்டலேறு கால்வாய் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் முதன்முதலாக வந்தபோது அது வந்து நிறைந்ததும் பூண்டியில்தான். ஒரு வருட மேயர் தொடங்கிவைத்த பாத்திரத்தில் இன்னும் ஊர் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இதை வீரக் கதையாக மட்டும் படித்தால் பாதிதான் புரியும். சத்தியமூர்த்தியின் திறமை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அன்றைக்குக் குடிநீர் மாநகராட்சியின் வேலை. அதைப் பற்றிக் கவலைப்படவும், திட்டம் தீட்டவும், கவர்னர் வாசலில் போய் நிற்கவும் மேயருக்கு உரிமை இருந்தது. அதற்கும் முன்னால், 1920-ல், பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. சில வருடங்களில் வெள்ளை அரசு, கல்வி நிதியில் இந்தச் செலவை ஏற்க முடியாது என்று சொல்லி அதை நிறுத்த வைத்தது. பின்னாளில் தமிழ்நாடு முழுக்கப் பரவிய சத்துணவின் முதல் அடுப்பு ஒரு மாநகராட்சிப் பள்ளியில் எரிந்ததுதான். பள்ளி மாநகராட்சியுடையதாக இருந்ததால்தான் அந்த அடுப்பைப் பற்றவைக்க முடிந்தது. (இடைச்செருகலாக ஒன்று: ராஜாஜி 1917-ல் சேலத்தில் நகராட்சித் தலைவர், கிட்டத்தட்ட அதே சமயம் ஈரோட்டில் பெரியார் நகராட்சித் தலைவர். பின்னால் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு பேரும் பொதுவாழ்க்கையில் அரிச்சுவடி படித்தது சாக்கடையிலும் குடிநீர்க் குழாயிலும்.)

அப்புறம் என்ன ஆயிற்று? வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் பாத்திரம் பண்டம் போன கதை. 1973-ல் மஸ்டர் ரோல் ஊழல் வெடித்தது. மஸ்டர் ரோல் என்றால் தினக்கூலி ஆட்களின் வருகைப் பதிவு. வராத ஆளுக்கு, சில சமயம் இல்லாத ஆளுக்கே, பெயர் எழுதிக் கூலி எடுப்பது. அதைக் காரணம் காட்டி அந்த ஆண்டு சென்னை மாமன்றம் கலைக்கப்பட்டது. சரி, ஊழல் செய்தவர்களைத் தண்டிக்க வேண்டியதுதான். ஆனால் அடுத்த தேர்தல் எப்போது நடந்தது தெரியுமா? 1996-ல். இருபத்து மூன்று வருடம் சென்னைக்கு மேயர் இல்லை, கவுன்சிலர் இல்லை. 1974-ல் நகரத் திட்டமிடலுக்கு என்று தனி ஆணையம் சட்டப்படி வந்தது, இன்றைய சி.எம்.டி.ஏ. அதுதான். 1978-ல் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் தனி வாரியம் வந்தது. அது மெட்ரோ வாட்டர். மாற்றங்களுக்கு நியாயமான காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால் 'எங்கள் வேலையை எங்களிடமிருந்து எடுக்காதே' என்று எழுந்து கேட்க மன்றத்தில் ஒரு ஆள் இல்லை. 1996-ல் மன்றம் திரும்பி வந்தபோது மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை அதே வெள்ளை நிறத்தில்தான் நின்றது. உள்ளே பாதி அறை காலி.

1992-ல் 74-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்ததே, அது எல்லாவற்றையும் மாற்றவில்லையா என்று கேட்பீர்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல், பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் இட ஒதுக்கீடு என்பதெல்லாம் அதன் நல்ல பலன்கள். 12-வது அட்டவணையில் 18 வேலைகளைப் பட்டியல் போட்டு, இவற்றை நகர அமைப்புகளுக்கு மாநிலங்கள் கொடுக்கலாம் என்றும் சொல்கிறது. அந்தக் 'கலாம்' இருக்கிறதே, அதற்குள்தான் எல்லா மேயர்களும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். கட்சி எதுவாக இருந்தாலும் கோட்டையில் உட்கார்ந்தவர்கள் அந்தக் 'கலாமை' 'வேண்டும்' ஆக்க அவசரப்பட்டதில்லை. பலமான மேயர் என்றால் நாளைக்கு ஒரு போட்டி முதலமைச்சர். யார்தான் விரும்புவார்கள்?

நான் சும்மா சொல்லவில்லை. 1996-ல் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் சென்னை மேயர் மு.க. ஸ்டாலின். முதலமைச்சரின் மகன், ஆளுங்கட்சி, தானும் எம்.எல்.ஏ. அந்தக் காலத்தில் சென்னையில் ஒன்பது மேம்பாலங்களை மாநகராட்சியே கட்டியது. கோட்டையின் கதவு திறந்திருந்தால் மேயரால் என்ன முடியும் என்பதற்கு அது உதாரணம். 2001-ல் ஆட்சி மாறியது. ஊரில் மறுபடி அவரே மேயராக ஜெயித்தார். 2002-ல், ஒருவரே எம்.எல்.ஏ.வாகவும் மேயராகவும் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. மேயர் பதவி போனது. அந்த விதி தன்னளவில் தப்பில்லை. ஆனால் யாருக்காக, எப்போது வந்தது என்பதைப் பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள். தேர்தல் முறையும் அப்படித்தான் ஊஞ்சலாடியது. 1996, 2001 நேரடித் தேர்தல். 2006-ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011-ல் மறுபடி நேரடி. 2022-ல் மறுபடி கவுன்சிலர்கள். மேயர் யாருக்குக் கடன்பட்டவர் என்பது ஒவ்வொரு முறையும் மாறிப்போகிறது. கவுன்சிலர்கள் ஏற்றிவைத்த நாற்காலி என்றால் கவுன்சிலர்களும் கட்சியும் சேர்ந்து இறக்கவும் முடியும். 2024 ஜூலையில் கோவை மேயரும் நெல்லை மேயரும் ஒரே நாளில் ராஜினாமா செய்தது நினைவிருக்கும்.

இதைவிட மோசம், நாற்காலியே காலியாகக் கிடப்பது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. 2022 மார்ச்சில்தான் அடுத்த மேயர் வந்தார். இடையில் தனி அலுவலர் ஆட்சி. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து வில்லிவாக்கத்தில் இறங்கியது. அப்போது ஊருக்கு மேயர் இல்லை. 2020-ல் கொரோனா வந்து அம்பத்தூரிலும் கீழ்ப்பாக்கத்திலும் சுடுகாட்டு வாசலில் சண்டை நடந்தபோதும் மேயர் இல்லை. அதிகாரிகள் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் லாரித் தண்ணீருக்கு இரவு இரண்டு மணிக்குக் குடத்தோடு உட்கார்ந்திருந்த பெண் யாரைத் திட்டுவது? திட்டுவதற்கு ஒரு பெயர், ஒரு முகம், ஒரு வீட்டு வாசல் வேண்டும். மேயரின் முதல் பொதுச்சேவையே அதுதான் என்பேன், கிண்டலுக்குச் சொல்லவில்லை. திட்டு வாங்கும் ஆளுக்குத்தான் அந்தத் திட்டு நிற்க வேண்டுமே என்ற கவலை வரும்.

2022-ல் வந்தவர் பிரியா ராஜன். 28 வயது, வடசென்னைக்காரர், அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் தலித் பெண். தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பிறகு மூன்றாவது பெண் மேயர். அவர் ஏற்றுக்கொண்டது 174 சதுர கிலோமீட்டர் சென்னையை அல்ல. 2011-ல் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து 426 சதுர கிலோமீட்டராக ஊதிப்போன சென்னையை. அவர் வந்த அடுத்த மாதமே சொத்து வரி உயர்ந்தது. வீட்டின் அளவைப் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை. அறிவித்தது மாநில அரசு. தீர்மானம் போட்டது மன்றம். வீட்டு வாசலில் ஏச்சு வாங்கியது கவுன்சிலர். 2025 ஆகஸ்டில் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்களே, அவர்களோடு நடந்த பேச்சுவார்த்தையிலும் அமைச்சர்கள்தான் முன்னால் இருந்தார்கள். போராட்டம் மாநகராட்சி வாசலில். சாவி வேறு எங்கோ.

எல்லா ஊரிலும் இப்படித்தானா? இல்லை. கல்கத்தாவில் 1984 முதல் 'மேயர்-இன்-கவுன்சில்' முறை இருக்கிறது. மேயரும் அவர் தேர்ந்தெடுக்கும் சில கவுன்சிலர்களும் சேர்ந்து ஒரு குட்டி அமைச்சரவை. நிர்வாக அதிகாரம் அவர்களிடம், கமிஷனர் அவர்களுக்குக் கீழே. அதனால் கல்கத்தா சொர்க்கமாகிவிட்டதா என்றால் இல்லை. ஆனால் அங்கே சாக்கடை அடைத்தால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பம் குறைவு. வெளிநாட்டு மேயர் என்றால் எல்லோரும் பிரேசிலின் குரிச்சிபாவையும் ஜெய்மே லெர்னரையும் சொல்வார்கள். பஸ்ஸுக்குத் தனிப் பாதை, வண்டி நுழையாத கடைத்தெரு, குப்பை கொண்டுவந்து கொடுத்தால் பஸ் டோக்கன் என்று நிஜமாகவே அசத்தியவர்தான். ஆனால் அவர் மூன்று முறை மேயர், 1971-ல் முதல்முறை நாற்காலியில் உட்கார வைத்தது ராணுவ ஆட்சி. எதிர்க் கேள்வி இல்லாத இடத்தில் செய்ததை எடுத்துவந்து நம் ஊர் மேயரை அடிப்பதில் எனக்கு இஷ்டமில்லை.

உங்கள் ஊருக்குப் பொருத்தமான உதாரணம் ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது: ஆலந்தூர். இன்று சென்னையின் ஒரு மண்டலம். 1990-களில் அது தனி நகராட்சி, சுமார் ஒன்றரை லட்சம் மக்கள். விமான நிலையத்துக்குப் பக்கம், ஊர் மளமளவென்று வளர்கிறது, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். மழை பெய்தால் எல்லாம் நிரம்பித் தெருவுக்கு வரும். கழிவு உறிஞ்சும் லாரி அள்ளிக்கொண்டு போய் எங்கே கொட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதிலும் பிடிக்காது. அப்போது நகராட்சித் தலைவர் ஆர்.எஸ். பாரதி. பாதாளச் சாக்கடை போட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். பணம்? மாநில நிதியிலிருந்து கடன் கிடைக்கும், ஆனால் மக்களும் பங்கு போட வேண்டும். வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட். முன்கூட்டியே. குழாய் ஒரு அடிகூடத் தோண்டாதபோதே.

இதை யோசித்துப் பாருங்கள். 1990-களின் கடைசியில் ஐயாயிரம் ரூபாய் என்பது பல வீடுகளில் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். ஓட்டு வாங்கி வந்த ஒரு ஆள், அடுத்த தேர்தலும் பாக்கியிருக்கும்போது, தெருத் தெருவாகப் போய் 'முதலில் பணம் கட்டுங்கள், சாக்கடை அப்புறம் வரும்' என்று சொல்ல வேண்டும். சொன்னார்கள். குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டினார்கள். ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். வசூலான பணத்தை நகராட்சியின் மற்றச் செலவோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைத்தார்கள். இந்தத் தனிக் கணக்குதான் சூட்சுமம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஜனங்கள் பணம் கொடுக்கத் தயங்குவதைவிட, கொடுத்த பணம் எந்தப் பள்ளத்தில் விழும் என்றுதான் அதிகம் தயங்குவார்கள். பணம் சேர்ந்தது, கோடிக் கணக்கில் சேர்ந்தது. 2000-ல் வேலை தொடங்கியது. தனியார் கட்டி நடத்தும் முறையில் இந்தியாவில் ஒரு நகராட்சி பாதாளச் சாக்கடை அமைத்ததில் அதுவே முன்னோடி என்று பின்னால் வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பாரதி கையில் பெரிய அதிகாரம் எதுவும் இல்லை. சட்டம் அவருக்கும் இப்போது உங்கள் மேயருக்கு உள்ள அளவுதான் கொடுத்திருந்தது. கமிஷனரும் பொறியாளர்களும் செய்ய முடியாத ஒன்றை அவர் செய்தார். ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி ஐயாயிரம் கேட்டால் நோட்டீஸ் எங்கே என்பீர்கள். தேர்தலில் ஜெயித்த உள்ளூர்க்காரர் கேட்டால், "சரிங்கண்ணே, ஆனா வேலை நடக்கலைன்னா உங்க வீட்டு வாசல்ல வந்து உட்காருவேன்" என்பீர்கள். அந்த வாசல் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும் என்பதுதான் அவர் வைத்த அடமானம்.

ஆக, நல்ல மேயரை எதை வைத்து அடையாளம் காண்பது என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். திறப்பு விழாக் கல்வெட்டை வைத்து அல்ல. நான் பார்க்கும் முதல் இடம் காலை ஆறு மணி மஸ்டர்.

தூய்மைப் பணியாளர்கள் வேலைக்குப் போகும் முன் கூடும் இடத்துக்கு மஸ்டர் என்று பெயர். மர நிழலிலோ வார்டு ஆபீஸ் திண்ணையிலோ ஒரு மேஜை, மேஸ்திரி, நோட்டு. இப்போது பல ஊர்களில் முகம் பார்த்துப் பதிவு செய்யும் போன் வந்துவிட்டது. பல வருடத்துக்கு முன்னால் ஒரு சிறிய ஊரின் நகராட்சித் தலைவரோடு ஒருநாள் அதிகாலை போயிருந்தேன். பெயர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. அவர் அங்கே பேசவே இல்லை. ஓரமாக நின்று தலையை எண்ணினார். நோட்டில் 34 பேர், நிற்பது 27. மேஸ்திரி, "மத்தவங்க நேரா ஸ்பாட்டுக்குப் போயிட்டாங்க சார்" என்றார். தலைவர் தலையாட்டிவிட்டு, "வாங்க, ஸ்பாட்டுக்கே போவோம்" என்று ஸ்கூட்டரைத் திருப்பினார். ஸ்பாட்டில் இருந்தது நான்கு பேர், கையுறை இல்லாமல். அவர்களில் ஒரு அம்மாவிடம், "கிளவுஸ் எப்பம்மா கொடுத்தாங்க?" என்று கேட்டார். "பொங்கலுக்கு முந்தி கொடுத்ததுங்க." அது ஆவணி மாதம். சட்டைப் பையிலிருந்து சின்ன கறுப்பு டைரியை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். மூன்று நாள் கழித்து மன்றக் கூட்டத்தில் கையுறை கொள்முதல் பொருள் அஜெண்டாவில் வந்தபோது டைரியைத் திறந்து, எந்தத் தேதியில் எத்தனை ஜோடி வாங்கியதாகக் கணக்கு இருக்கிறது என்று மட்டும் கேட்டார். கூட்டத்தில் மூச்சு இல்லை. அடுத்த வாரம் கையுறை வந்தது. காணாமல் போயிருந்த மூன்று பேரும் வந்தார்கள், அல்லது அவர்கள் பெயர் நோட்டிலிருந்து போயிற்று. எது நடந்தது என்று நான் கேட்கவில்லை.

அவரிடம் இருந்த ஆயுதம் ஒரு கேள்வியும் ஒரு டைரியும். மன்றத்தில் மேயர் கேட்கும் கேள்வி நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். ஏறினால் பதில் எழுதியாக வேண்டும். எழுதிய பதிலை அடுத்த மாதம் தணிக்கைக்காரரும் பத்திரிகைக்காரரும் படிக்கலாம். கமிஷனரைத் தாண்டி உத்தரவு போட முடியாவிட்டாலும் கமிஷனரைப் பதில் சொல்ல வைக்க முடியும். நல்ல கமிஷனர்கள் இதை விரும்புவார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். கீழே இருப்பவர்கள் மறைப்பதை மேயர் வெளியே இழுத்தால் அவருக்கும் வேலை சுலபம். இரண்டு பேரும் மோதிக்கொண்ட ஊர்களில்தான் ரோடு வெட்டிய பள்ளம் மூடாமல் கிடக்கும்.

பள்ளம் என்றதும் இன்னொன்று. வளரும் ஊர்களில் மேயர் உண்மையில் சம்பாதிக்கக்கூடிய மரியாதை, துறைகளுக்கு நடுவே நிற்பதில் இருக்கிறது. நான் குடியிருந்த ஒரு தெருவில் மழைநீர் வடிகால் ஒரு துறை, கழிவுநீர்க் குழாய் இன்னொரு துறை, மேலே இருக்கும் ரோடு மூன்றாவது துறை. மேன்ஹோல் மூடி உடைந்து ஒரு பையன் சைக்கிளோடு விழுந்தான். நல்லவேளை, கால் சிராய்ப்போடு தப்பினான். மூன்று துறைக்கும் போன் போட்டோம். மூன்று பேரும் வந்து பார்த்து, மூடி தங்களுடையது இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் வேப்பங்கிளையை ஒடித்து நட்டுவைத்தார். இதைத் தீர்க்கப் பெரிய நிதி வேண்டாம். மாதம் ஒருநாள் மின்வாரியம், குடிநீர், நெடுஞ்சாலை, போக்குவரத்துப் போலீஸ் எல்லோரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, எந்தத் தெருவை யார் எப்போது வெட்டப் போகிறீர்கள் என்று ஒரே தாளில் எழுத வைத்தால் போதும். மேயர் கூப்பிட்டால் அவர்கள் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. வரவைப்பதில்தான் இருக்கிறது சாமர்த்தியம். சத்தியமூர்த்தி கூப்பிட்டதும் கவர்னர் ஓடிவந்துவிடவில்லையே.

கவனிக்க வேண்டிய ஆபத்தும் ஒன்று உண்டு. 2022 தேர்தலில் 21 மாநகராட்சிகளில் 11-க்குப் பெண்கள் மேயரானார்கள், பெரிய விஷயம். ஆனால் சில ஊர்களில் மேயர் அறையில் மேயரைவிட அவர் வீட்டுக்காரர் அதிக நேரம் இருக்கிறார். அந்த அறையில் யார் கோப்பைப் பார்க்கிறார்கள் என்பதை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். அப்படி இருந்தால் அதைக் கேட்கத் தயங்க வேண்டாம். அதே சமயம், தானே பார்த்துத் தானே பேசும் பெண் மேயர்களைக்கூட "பின்னால யாரு?" என்று கேட்கும் ஆட்களும் நம்மிடையே உண்டு; அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடாதீர்கள்.

நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2022 நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டம் நடத்தத் தொடங்கினார்கள். கிராம சபை மாதிரி, ஒவ்வொரு வார்டுக்குள்ளும். உங்கள் வார்டில் கடைசியாக எப்போது நடந்தது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். நடந்தது என்றால் நடவடிக்கைக் குறிப்பின் நகல் கேளுங்கள். அதில் உங்கள் தெருப் பிரச்சினை இருந்தால் தேதியோடு எடுத்துக்கொண்டு மேயரிடம் போங்கள், கமிஷனரிடம் அல்ல. போய், சாக்கடையைச் சரிசெய்து கொடுங்கள் என்று கேட்காதீர்கள், அது அவர் கையில் இல்லை. "அடுத்த மன்றத்தில் இதைப் பொருளாக வைப்பீர்களா?" என்று கேளுங்கள். அது அவர் கையில் இருக்கிறது. அவர் உடனே உதவியாளரைப் பார்த்து "குறிச்சுக்கப்பா" என்றால் ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். தன் பையிலிருந்து டைரியை எடுத்தால், அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு மஸ்டர் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள்.